கூரையில் அன்டெனாவா, குன்றில் ரிப்பீட்டரா?

எங்கள் வீட்டுக் குசினியில் நின்று வோக்கி டோக்கியில் நிலாவெளி மச்சானைக் கூப்பிட்டால், கடுகு தாளிக்கிற சத்தம்தான் பதிலாக வரும். அதே செட்டோடு முற்றத்துக்கு வந்தால் தாளிப்புக்கு நடுவே ஒரு சொல், இரண்டு சொல். தண்ணீர்த் தாங்கி இருக்கும் தட்டுக்கு ஏணி வைத்து ஏறினால், "என்ன மச்சான், சாப்பிட்டாச்சா?" என்று பக்கத்து வளவிலிருந்து கேட்பதுபோல் குரல் வரும். செட் மாறவில்லை, சக்தி கூடவில்லை, பற்றரிகூட அதே பற்றரி. ஏறியது ஆறு மீட்டர், அவ்வளவுதான்.

நாங்கள் நாலு பேர். நான் திருகோணமலைத் திருக்கடலூரில், கடலை ஒட்டிய வீடு. மச்சான் நிலாவெளியில். மூதூரில் ஒரு நானா. கந்தளாயில் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவர். எங்களுக்கு அவர் மாஸ்டர். நாலு பேரும் சேர்ந்து படித்து அமெச்சூர் வானொலிப் பரீட்சை, அதாவது பொழுதுபோக்காக ரேடியோவில் கதைப்பவர்களுக்கான பரீட்சை, எழுதினோம். அனுமதிப்பத்திரம் கைக்கு வந்த அன்றே மச்சான் கேட்டார்: "ரிப்பீட்டர் ஒண்டு போட்டா முடிஞ்சுதானே?" ரிப்பீட்டர் என்பது உயரத்தில் இருந்து, கேட்ட குரலைத் திருப்பி அனுப்பும் பெட்டி. இந்தக் கேள்வி எங்களை ஒன்றரை வருஷம் அலைக்கழித்தது. ஏணி, கேபிள், சோல்டர் புகை என்று போன அந்தக் காலத்தில், எதற்குக் காசு போடலாம், எதற்குப் போடக்கூடாது என்று ஓரளவு தெரிந்துகொண்டோம்.

அனுமதிப்பத்திர விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இலங்கையில் 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ், வானொலி அலை பரப்பும் கருவியை வைத்திருக்கவும் பாவிக்கவும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். ரிப்பீட்டர் என்றால் அதற்குத் தனியாகக் கேட்க வேண்டும். இணையத்தில் அமெரிக்கக்காரர்கள் ஜிஎம்ஆர்எஸ் ரிப்பீட்டர் போடும் காணொளிகள் குவிந்து கிடக்கின்றன. அது அவர்கள் நாட்டில் 462, 467 மெகாஹேர்ட்ஸில் குடும்பப் பாவனைக்கென்று ஒதுக்கிய சேவை. ஐரோப்பாவின் பிஎம்ஆர்446உம் அப்படித்தான். ஒன்லைனில் வாங்கிய செட்டில் அந்த அலைவரிசைகள் திறந்திருக்கிறது என்பதற்காக இங்கே அவற்றில் கதைக்க உரிமை வந்துவிடாது. யுத்த காலத்தில் வோக்கி டோக்கியைக் கையில் வைத்திருப்பதே எவ்வளவு வில்லங்கம் என்று எங்கள் வயதுக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. கடற்படையும் விமானப்படையும் இருக்கும் ஊரில் கூரைக்கு மேலே புதிதாக ஒரு கம்பி முளைத்தால் இன்றைக்கும் யாரோ வந்து விசாரிப்பார்கள். அந்த நேரத்தில் காட்டக் கையில் கடதாசி இருக்க வேண்டும்.

தூரக் கணக்கு

நாங்கள் கதைக்கும் 145 மெகாஹேர்ட்ஸ் அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில்தான் போகும். பூமியின் வளைவோடு கொஞ்சம் வளையும். வெளிச்சத்தைவிடச் சற்றுக் கூடுதலாக. அன்டெனா தரையிலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறதோ, அந்த எண்ணின் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால் அதன் தொடுவானம் எத்தனை கிலோமீட்டரில் என்று வரும். மற்றப் பக்கத்து அன்டெனாவுக்கும் இதேபோல் கணக்குப் போட்டு இரண்டையும் கூட்ட வேண்டும்.

கையில் பிடித்த செட் ஒன்றரை மீட்டர் உயரம். அதற்கு 5 கிலோமீட்டர். இரண்டு பேரும் கையில் வைத்திருந்தால் 10. அதுவும் வெறும் கடலுக்கு மேலேதான். தரையில் வீடும் பனையும் வேம்பும் அதில் பாதியைத் தின்றுவிடும். என் வீட்டிலிருந்து நிலாவெளிக்கு நேர்கோட்டில் பதினொரு கிலோமீட்டர் அளவு வரும். அந்தத் தாளிப்புச் சத்தத்துக்குக் காரணம் விளங்கிவிட்டதா? ஒரு பக்கத்து அன்டெனாவை 9 மீட்டருக்கு ஏற்றினால் அதன் பங்கு மட்டும் 12 கிலோமீட்டருக்கு மேல். கூட்டினால் 17. நிலாவெளி அதற்குள் வந்துவிடுகிறது. என் கூரைக்கும் மச்சானுக்கும் நடுவே பெரும்பாலும் கடல்தான் என்பது கூடுதல் அதிர்ஷ்டம்.

மூதூர் நேர்கோட்டில் ஏறக்குறைய பதினாலு கிலோமீட்டர். தாளில் சரிவரும். ஆனால் திருக்கடலூரிலிருந்து பார்த்தால் நகரமும் டொக்யார்ட் பக்கத்துக் குன்றுகளும் குறுக்கே நிற்கின்றன. அவற்றைத் தாண்டினால்தான் கொட்டியாரக் குடா. நானாவின் குரல் சில நாள் வரும், சில நாள் வராது. கந்தளாய் முப்பது கிலோமீட்டருக்கு மேல், நடுவே காடும் மேடும். இரண்டு பக்கமும் 9 மீட்டர் வைத்தாலும் 25ஐத் தாண்டாது. ஆக எங்கள் நாலு பேரில் ஒருவருக்குக் கூரையே போதும், ஒருவர் ஐமிச்சம், ஒருவருக்கு என்ன செய்தாலும் நேர்கோடு இல்லை. ரிப்பீட்டர் பற்றிக் கதைக்க முன் உங்கள் ஆட்களையும் இப்படி வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். பாதி முடிவு அந்த இடத்திலேயே வந்துவிடும்.

செலவே இல்லாதது

செட்டோடு வரும் கட்டை ரப்பர் அன்டெனா வசதிக்காகச் செய்தது, வேலைக்காகச் செய்தது அல்ல. 145 மெகாஹேர்ட்ஸில் அலையின் நீளம் 2 மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். அதில் கால்வாசி 52 சென்டிமீட்டர் அளவு. கம்பியில் வெட்டும்போது அதைக் கொஞ்சம் குறைக்க வேண்டும், ஏறக்குறைய 49 சென்டிமீட்டர். அந்த நீளத்துக்கு ஒரு மெல்லிய சவுக்கு அன்டெனா வாங்கி மாட்டினால் வித்தியாசம் காதிலேயே தெரியும். இன்னும் மலிவான வழி: அதே 49 சென்டிமீட்டர் வயர்த் துண்டொன்றை அன்டெனா திருகும் இடத்தின் வெளி உலோகத்தில் இறுக்கித் தொங்கவிடுவது. எலி வால்போல ஆடும். கையில் பிடிக்கும் செட்டுக்கு நிலம் (எர்த்) என்று ஒன்று இல்லை, உங்கள் கைதான் அந்த வேலையை அரைகுறையாகச் செய்கிறது. வால் கட்டினால் கையின் சுமை குறையும். மச்சான் முதலில் சிரித்தார். இப்போது அவர் செட்டிலும் ஒன்று தொங்குகிறது.

கூரை: அன்டெனா மலிவு, கேபிள்தான் செலவு

கூரைக்கு நாலு வகை அன்டெனாவை யோசித்தோம், மூன்றைச் செய்து பார்த்தோம்.

முதலாவது நிலத்தள அன்டெனா. நடுவே ஒரு கால்வாசி அலைக் கம்பி நிமிர்ந்து நிற்கும். கீழே நாலு கம்பிகள் குடைக் கம்பிபோல் சாய்ந்து விரியும். சாய்வு 45 பாகையளவில் இருந்தால் செட் எதிர்பார்க்கும் 50 ஓமுக்கு நன்றாகப் பொருந்தும். பெட்டியில் பொருத்துகிற ஒரு கனெக்டர், வீட்டு வயரிங்கில் மிஞ்சிய தடித்த செப்புக் கம்பி, சோல்டர். ஒரு பின்னேரத்து வேலை. கீழ்க் கம்பிகளை நடுக் கம்பியைவிட இரண்டு, மூன்று சென்டிமீட்டர் கூடுதலாக வெட்டுங்கள். எங்கள் ஊரில் இதற்கு ஒரே எதிரி காகம். செப்புக் கம்பியில் இரண்டு காகங்கள் உட்கார்ந்து ஒரு பஞ்சாயத்தை முடித்துவிட்டுப் போனால் 45 பாகை 70 பாகை ஆகிவிடும்.

இரண்டாவது ஸ்லிம் ஜிம். பழைய ரீவிக்கு வந்த தட்டை ரிப்பன் வயரில் ஒன்றரை மீட்டர் நீளத்துக்குச் செய்து, பிவிசி பைப்புக்குள் விட்டு, இரண்டு முனையும் மூடிவிடுவது. விரியும் கம்பிகள் இல்லை, காகத்துக்கும் குரங்குக்கும் பிடி இல்லை. கடற்காற்று உள்ளே போகாது. பைப்புக்குள் போனதும் ஒத்திசைவு கொஞ்சம் கீழே இறங்கும் என்பதால் பைப்போடுதான் அளந்து வெட்ட வேண்டும். கடலோரத்தில் வீடு உள்ளவருக்கு என் தெரிவு இதுதான்.

மூன்றாவது யாகி, மீன்முள் மாதிரி இருக்கும் திசை அன்டெனா. ஒரு பக்கம் நோக்கிச் சக்தியைக் குவிக்கும். மாஸ்டர் கந்தளாயில் ஒன்று செய்து திருகோணமலைப் பக்கம் திருப்பிவைத்தார். அவருக்கு அது சரி, ஏனென்றால் நாங்கள் மூன்று பேரும் அவருக்கு ஏறக்குறைய ஒரே திசையில் இருக்கிறோம். எனக்குச் சரிவராது. நிலாவெளி வடக்கே, மூதூர் தெற்கே. மச்சானோடு கதைத்துவிட்டு நானாவைக் கூப்பிட ஒவ்வொரு முறையும் கூரைக்கு ஏறிப் பைப்பைத் திருப்ப முடியுமா? யாகி வைப்பதானால் முட்கள் நிமிர்ந்து நிற்கும்படி வையுங்கள். பழைய ரீவி அன்டெனாபோல் படுக்கவைத்தால், நிமிர்ந்த அன்டெனாவோடு கதைக்கும்போது லாபத்தைவிட நட்டம் கூட.

நாலாவது கடையில் வாங்கும் வெள்ளை ஃபைபர் கண்ணாடிக் கம்பம். நல்ல சாமான்தான். ஆனால் பெட்டியில் எழுதியிருக்கும் லாபக் கணக்கை, அதாவது சக்தியை எவ்வளவு குவிக்கும் என்ற கணக்கை, அப்படியே நம்ப வேண்டாம். அந்த விலை வித்தியாசத்தை நான் கேபிளில் போடுவேன்.

கேபிள் விஷயத்தில் கொஞ்சம் நின்று கதைக்க வேண்டும், ஏனென்றால் எல்லோரும் காசை மிச்சம் பிடிக்கும் இடம் இதுதான். கூரையிலிருந்து செட் வரைக்கும் எனக்கு 20 மீட்டர். மெல்லிய ஆர்ஜி-58 கேபிள் 145 மெகாஹேர்ட்ஸில் அந்த நீளத்துக்கு 4 டெசிபெல் அளவு தின்னும். 5 வாட் அனுப்பினால் அன்டெனாவுக்குப் போய்ச் சேர்வது 2 வாட். மற்ற 3 வாட் கேபிளைச் சூடாக்கத்தான். தடித்த ஆர்ஜி-213 என்றால் 3.3 வாட் போகும். எல்எம்ஆர்-400 என்றால் 4 வாட். இன்னோர் அமெச்சூர் பட்டையான 435 மெகாஹேர்ட்ஸில் இன்னும் மோசம்: ஆர்ஜி-58 அதே 20 மீட்டரில் 5 வாட்டை ஒன்றாக்கிவிடும். கேட்கும் பக்கத்திலும் இதே இழப்பு உண்டு. அனுப்பும் சக்தியைக் கூட்டினால் அனுப்பும் இழப்பைச் சரிக்கட்டலாம். வழியிலேயே தொலைந்த குரலை எப்படி மீட்பது?

டிஷ் ரீவிக்குப் போடும் ஆர்ஜி-6 கேபிளைப் பாவிக்கலாமா என்று பலர் கேட்பார்கள். பாவிக்கலாம். அது 75 ஓம், செட்டுக்கு 50 ஓம். ஆனால் அந்த வித்தியாசத்தால் வரும் எஸ்டபிள்யூஆர் (அனுப்பிய சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எண், 1 என்றால் ஒன்றும் திரும்பவில்லை) 1.5 அளவுதான், செட் அதைப் பொறுக்கும். இழப்பு ஆர்ஜி-213க்குக் கிட்ட. மலிவும்கூட. பிரச்சினை வேறு. அதன் வெளிக் கம்பிப் பின்னல் அனேகமாக அலுமினியம். சோல்டர் ஒட்டாது, கடற்காற்றில் வெள்ளை மாவாகப் போகும். கந்தளாயில் மாஸ்டர் அதைத்தான் போட்டிருக்கிறார், குறை சொல்லவில்லை. திருக்கடலூரில் நான் போட மாட்டேன்.

நான் பட்டதைச் சொல்கிறேன். முதல் வருஷம் மேல் முனைக் கனெக்டரைச் சாதாரண இன்சுலேஷன் டேப்பால் சுற்றிவிட்டு இறங்கினேன். வாடை மழை ஒன்று முழுதாகப் பெய்து முடிந்தது. தை பிறந்தபோது மச்சானுக்கு என் குரல் கேட்பது நின்றுவிட்டது. மீட்டரை வைத்துப் பார்த்தால் எஸ்டபிள்யூஆர் 1.2, முன்பைவிட நல்லது! இரண்டு வாரம் செட்டைத்தான் சந்தேகப்பட்டேன், மச்சானின் செட்டையும் விட்டுவைக்கவில்லை. கடைசியில் கேபிளின் வெளித்தோலை மேலிருந்து கத்தியால் கீறினேன். செம்புப் பின்னல் கரிபிடித்த திரிபோல் இருந்தது. விரலால் தேய்த்தால் கறுப்புப் பொடி. ஒரு மீட்டர், இரண்டு மீட்டர், நாலு மீட்டர் கீறியும் கறுப்பே. பின்னல் திரியைப்போலத் தண்ணீரை உறிஞ்சிக் கீழே இறக்கியிருக்கிறது. மீட்டர் நல்ல கணக்குக் காட்டியதற்கும் அதுதான் காரணம். போன சக்தியைக் கேபிளே விழுங்கிவிட்டது, திரும்பி வர ஒன்றும் மிஞ்சவில்லை. திரும்பி வருவது குறைந்தால் எஸ்டபிள்யூஆர் அழகாகத்தான் தெரியும்.

இப்போது செய்வது: மேலே 'N' வகைக் கனெக்டர். பிஎல்-259க்குத் தண்ணீரைத் தடுக்கும் அமைப்பே கிடையாது. அதன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப், அதற்கு மேலே சாதாரண டேப். கேபிள் வீட்டுக்குள் நுழைய முன் கீழே ஒரு வளைவு விட்டால் வழிகிற தண்ணீர் அந்த இடத்தில் சொட்டிவிடும். வருஷா வருஷம் புரட்டாதியில், வாடைக்கு முன், ஒருமுறை ஏறிப் பார்ப்பேன்.

உயரமா, சக்தியா?

5 வாட் கையடக்க செட்டை விட்டு 50 வாட் வாகன செட் ஒன்றை வீட்டில் வைக்கலாமே என்று நானா சொன்னார். பத்து மடங்கு, கணக்கில் 10 டெசிபெல். பெரிய விஷயம்தான். ஆனால் நாங்கள் கத்துவது அவர்களுக்குக் கேட்கும், அவர்கள் சொல்வது எங்களுக்குக் கேட்காது. தொலைவில் தரையை உரசிப் போகும் பாதையில் அன்டெனா உயரத்தை இரட்டித்தால் பொதுவாக 6 டெசிபெல் கிடைக்கும். நாலு மடங்கு சக்திக்குச் சமம், அதுவும் போகவும் வரவும் இரண்டு வழிக்கும். ஆறு மீட்டர் ஜிஐ பைப் ஒன்றின் விலை 50 வாட் செட்டின் விலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

பைப்பை நிறுத்துவதில் இரண்டு விஷயம். ஒன்று காற்று. கச்சான் மாதக் கணக்கில் வீசும், வாடை குறுகிய நாளில் முறுக்கும். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரேவிப் புயல் எங்களுக்கு வடக்கே கரையைக் கடந்தபோது நான் மாலையிலேயே பைப்பை இறக்கிப் படுக்கவைத்துவிட்டேன். இறக்க முடியாத கம்பத்தை எங்கள் ஊரில் நடாதீர்கள். இழுத்துக் கட்டும் கயிறு வெயிலுக்கு இற்றுப்போகும் மலிவு நைலோனாக இருக்கக்கூடாது. மற்றது இடி. ஐப்பசி, கார்த்திகையில் பின்னேர இடி எப்படி விழும் என்று தெரியும்தானே. பைப்புக்கு நிலக்கம்பி அடித்து, கேபிளுக்கு மின்னல் தடுப்பான் போட்டாலும், வானம் கறுத்தால் கேபிளைக் கழற்றி யன்னலுக்கு வெளியே போடுவதே நான் நம்பும் பாதுகாப்பு. சீனக்குடா விமானநிலையப் பக்கம் வீடு உள்ளவர்கள் உயரமான கம்பம் நட முன் அனுமதி விசாரிக்கவும் வேண்டும்.

சரி, ரிப்பீட்டர்

ரிப்பீட்டர் ஓர் அலைவரிசையில் கேட்டு, கேட்டதை அதே நொடியில் இன்னோர் அலைவரிசையில் பெரிதாக்கி அனுப்பும். உயரத்தில் வைத்தால் கீழே இருப்பவர்கள் எல்லோருக்கும் அதன் உயரம் கிடைத்துவிடும். நூறு மீட்டர் உயரத்துக்குத் தொடுவானம் 41 கிலோமீட்டர். கந்தளாயும் உள்ளே வந்துவிடும். கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது.

தலையிடி எங்கே என்றால், 2 மீட்டர் பட்டையில், அதாவது எங்கள் 145 மெகாஹேர்ட்ஸ் பக்கம், கேட்கும் அலைவரிசைக்கும் அனுப்பும் அலைவரிசைக்கும் வழக்கமான இடைவெளி 600 கிலோஹேர்ட்ஸ்தான். பக்கத்தில் ஒலிபெருக்கி அலறும்போது காதில் சொல்லும் இரகசியத்தைக் கேட்பது மாதிரி. அந்த அலறலைத் தடுக்க டூப்ளெக்ஸர் வேண்டும்: உள்ளே செம்பும் வெள்ளி முலாமும் பூசிய உருளைகள். ஒவ்வொன்றும் அரை மீட்டருக்கு மேல் உயரம், நாலு அல்லது ஆறு வேண்டும். அதைச் சரியாகச் சுருதி கூட்டக் கருவியும் வேண்டும், கையும் வேண்டும். டூப்ளெக்ஸர் வேண்டாம், இரண்டு அன்டெனா வைக்கிறேன் என்றால், ஒன்றை மற்றதற்கு நேர்மேலே 20 மீட்டர் தள்ளி வைத்தாலும் கிடைக்கும் பிரிப்பு 70 டெசிபெல்லைத் தொடாது. அது போதாது. இதே வேலையை 430 மெகாஹேர்ட்ஸ் பக்கம் செய்தால் இடைவெளி 5 மெகாஹேர்ட்ஸ் அளவுக்குப் போகும், டூப்ளெக்ஸர் கையில் பிடிக்கிற அளவுக்குச் சுருங்கும். ஆகவே சொந்த ரிப்பீட்டர் போட்டே ஆக வேண்டும் என்பவருக்கு 430 பக்கம்தான் வழி. ஆனால் கேபிள் இழப்பு அங்கே எப்படி என்று மேலே சொன்னதையும் மறக்கக்கூடாது.

மின்சாரமும் பாருங்கள். 10 வாட் ரிப்பீட்டர் சும்மா கேட்டுக்கொண்டிருக்க 12 வோல்ட்டில் 0.4 அம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 10 அம்பியர்-மணி. கதைக்கும்போது 3 அம்பியர், இரண்டு மணிநேரக் கதைக்கு இன்னும் 6. வாடையில் மூன்று நாள் வெயில் இல்லையென்றால் ஏறக்குறைய 50. ஈயப் பற்றரியைப் பாதிக்கு மேல் இறக்கக்கூடாது, ஆக 100 அம்பியர்-மணிப் பற்றரி. அதைக் குன்றில் யார் ஏற்றுவது, யார் காவல் இருப்பது? திருகோணமலையில் நல்ல குன்று கண்ணில் பட்டால் அதன்மேல் ஏற்கெனவே கோயிலோ, விகாரையோ, காவலரணோ இருக்கும். கோணேசர் மலையின் உச்சியில் நின்று கடலைப் பார்க்கும்போதெல்லாம் மச்சானுக்கு ரிப்பீட்டர் ஞாபகம்தான் வரும். கும்பிட்டுவிட்டு இறங்குவோம்.

இதற்குள்ளேயே இரண்டு சின்ன வழி இருக்கிறது. ஒன்று கிளி: ஒரே அலைவரிசையில் கேட்டதைப் பதிந்துவைத்து, நீங்கள் முடித்ததும் திருப்பிச் சொல்லும் பெட்டி. மிக மலிவு, டூப்ளெக்ஸர் வேண்டாம். ஆனால் எல்லாவற்றையும் இரண்டு தரம் கேட்க வேண்டும். நானாவின் கதையை ஒரு தரம் கேட்கவே நேரம் போதாது.

மற்றது குறுக்குப்பட்டை ரிப்பீட்டர். இரண்டு பட்டையும் உள்ள சில வாகன செட்டுகளில், உதாரணமாகக் கென்வூட் டிஎம்-வி71 போன்றவற்றில், 145 பக்கம் கேட்டதை 430 பக்கம் அனுப்பும், எதிர்வழியும் செய்யும் வசதி உள்ளேயே உண்டு. அலைவரிசைகள் அவ்வளவு தள்ளி இருப்பதால் பெரிய உருளைகள் தேவையில்லை, இரட்டைப்பட்டை அன்டெனா ஒன்றே போதும். நாங்கள் உவர்மலையில் அக்காவின் வீட்டு மேல்தட்டில், அனுமதி எடுத்த பிறகு, வைத்தது இதைத்தான். தரையே உயரம், அதன்மேல் இரண்டு தட்டு. மூதூர் நானாவின் பிரச்சினை அன்றே தீர்ந்தது.

பட்ட பாடங்களும் உண்டு. 145ஐ மூன்றால் பெருக்கினால் 435. கேட்கும் அலைவரிசையை அதற்குக் கிட்ட வைத்தால், அனுப்பும் அலையின் மூன்றாம் மடங்கு தன் காதிலேயே வந்து விழும். எங்களுக்கு முதல் நாள் முழுக்க ஒரு ஊளை. எண்ணை மாற்றியதும் போய்விட்டது. இன்னொன்று சூடு. 50 வாட் செட் தொடர்ந்து அனுப்பச் செய்ததல்ல. 5 வாட்டில் வைத்து, பின்னால் கணினி விசிறி ஒன்றைக் கட்டினோம். டோன் பூட்டு, அதாவது எங்கள் செட்டுகள் அனுப்பும் மெல்லிய ஒலி கேட்டால் மட்டும் திறக்கும் வசதி, போடாவிட்டால் பக்கத்து மின்சாதனத்து இரைச்சலைக்கூட அது பக்தியோடு திருப்பி ஒலிபரப்பும். நாங்கள் இல்லாத நேரத்தில் நிறுத்த வழியும் வேண்டும். எங்களுக்கு அந்த வழி அக்காதான். "உங்கட பெட்டி கத்துது, நிப்பாட்டவா?" என்று தொலைபேசி எடுப்பார்.

படகும் போனும்

மச்சானுக்குப் புறாத்தீவுக்கு ஆள் ஏற்றும் படகும் இருக்கிறது. அந்தத் தொழிலுக்கு அமெச்சூர் அலைவரிசையைப் பாவிக்கக்கூடாது. காசு சம்பந்தப்பட்ட கதைக்கு அது உரியதல்ல. படகுக்குக் கடல்சார் விஎச்எஃப் செட், அதன் அனுமதியோடு. 156.8 மெகாஹேர்ட்ஸ், அதாவது 16ஆம் சனல், அழைப்புக்கும் ஆபத்துக்கும். ஆடுகிற சின்னப் படகில் அதிக லாப அன்டெனா வைக்காதீர்கள். அதன் கதிர் தட்டையாக இருக்கும், படகு சாயும்போது பாதி வானத்துக்கும் பாதி தண்ணீருக்கும் போய்விடும். 3 டெசிபெல் அன்டெனா போதும்.

போன் வலையமைப்பில் ஓடும் வோக்கி டோக்கி செட்டுகளும் செயலிகளும் வந்திருக்கின்றன. தினசரிப் பாவனைக்கு அவை மேல் என்பதை மறைக்க மாட்டேன். மாமி சுகமா என்று கேட்க ரேடியோ எதற்கு? ஆனால் கோபுரத்துப் பற்றரி இறங்கினால் அவையும் இறங்கும். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு அம்பாந்தோட்டைப் பக்கத்திலிருந்து செய்தி வெளியே வர அமெச்சூர்காரர்களின் சிற்றலை உதவியது.

சிற்றலை என்றதும்தான் மாஸ்டரின் பிரச்சினைக்கு வேறொரு வழி தென்பட்டது. கந்தளாய்க்காக ஒரு குன்றும் டூப்ளெக்ஸரும் தேடுவதற்குப் பதில், 7 மெகாஹேர்ட்ஸில் 20 மீட்டர் நீளக் கம்பியை நாலைந்து மீட்டர் உயரத்தில் படுக்கையாகக் கட்டினால், அலை நேரே மேலே போய் அயனமண்டலத்தில் பட்டுக் குடை விரித்ததுபோல் கீழே இறங்கும். குன்றும் காடும் அதற்குக் கணக்கே இல்லை. பகலில் கந்தளாய் மட்டுமல்ல, தீவின் பெரும்பகுதியே அந்தக் குடைக்குள் வரும். உயரமே வேண்டாம் என்று சொல்லும் ஒரே அன்டெனா இதுதான். செட்தான் விலை கூட, எல்லா வகுப்பு அனுமதிப்பத்திரத்துக்கும் சிற்றலையில் ஒரே அளவு இடம் இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். ஜேர்மன் வானொலி தன் சிற்றலை அஞ்சல் நிலையத்தை 1980களில் வைத்த ஊர் எங்களுடையது. நாலு பேர் கதைக்க ஒரு கம்பி கட்ட இத்தனை நாள் யோசித்திருக்கிறோம்.

ரிப்பீட்டருக்கென்று மச்சான் சேர்த்த காசில் மாஸ்டருக்கு ஒரு பாவித்த சிற்றலை செட்டும் எனக்கு ஒன்றும் பேசி வைத்திருக்கிறோம். கம்பி வாங்கியாகிவிட்டது. கந்தளாயில் மாஸ்டரின் வளவில் இரண்டு தென்னைக்கும் நடுவே 23 மீட்டர், அளந்தாயிற்று. நாலைந்து மீட்டர்தானே, ஏணி போதும் என்று மாஸ்டர் சொல்லுகிறார். அவருக்கு வயது எழுபத்தொன்று. அதனால் மரம் ஏறுகிறவருக்குச் சொல்லிவிட்டிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை காலையில் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.